குதிரையைப் பார்க்குமுன் லைசென்ஸைப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனல் பற்றிச் சென்ற இதழில் எழுதியதும், ஆன்லைனில் குதிரைப் பந்தயம் கட்டுவது பற்றிக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. லண்டனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவையே அதிகம். சென்னை, சிங்கப்பூர் வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கேட்ட ஏழெட்டுப் பேருக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை.

கேள்வி: ஊரில் இருந்த காலத்தில் கொழும்பு புக்கிக் கடையில் இங்கிலாந்துக் குதிரைகளுக்குக் காசு கட்டிய பழக்கம் உண்டு. இப்போது இங்கிலாந்திலேயே இருக்கிறேன். கூகுளில் தேடினால் நூறு தளங்கள் வருகின்றன. எது சட்டப்படியானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஹாரோ

பதில்: பிரிட்டனில் இருப்பவர்களிடம் பந்தயக் காசு வாங்க வேண்டுமானால், கம்பெனி எந்த நாட்டில் இருந்தாலும் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான கேம்பிளிங் கமிஷனின் லைசென்ஸ் வேண்டும். 2014 நவம்பர் 1 முதல் இதுதான் சட்டம். 'எங்களுக்குக் குராசோ லைசென்ஸ் இருக்கிறது', 'மால்டா லைசென்ஸ் இருக்கிறது' என்று ஒரு தளம் பெருமையாகப் போட்டிருந்தால், அது அந்த ஊருக்குத்தான் செல்லும். ஜிப்ரால்டரில் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளும் இங்கே தனியாக லைசென்ஸ் வாங்கித்தான் நடத்துகின்றன.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். தளத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். கேம்பிளிங் கமிஷனின் லைசென்ஸ் பெற்றது என்ற வரியும், ஓர் அக்கவுண்ட் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தொட்டால் கமிஷனின் தளத்துக்கு, அதாவது ஜிஓவி.யூகே என்று முடியும் முகவரிக்குப் போக வேண்டும். வேறெங்காவது போனாலோ, வெறும் படமாக நின்றாலோ அங்கேயே விட்டுவிடுங்கள். போலித் தளங்கள் முதலில் திருடுவது இந்த அடிவரியைத்தான்.

லிங்க் சரியாகப் போனாலும் அதோடு நிறுத்த வேண்டாம். கமிஷனின் பொதுப் பதிவேட்டை நீங்களே தனியாகத் திறந்து, தளத்தின் முகவரியை எழுத்துப் பிசகாமல் தேடுங்கள். கம்பெனியின் பெயரை மட்டும் தேடினால் போதாது. நிஜக் கம்பெனியின் பெயரை வைத்துக்கொண்டு ஓர் எழுத்து மாறிய முகவரியில் நடத்துபவர்கள் உண்டு. பதிவேட்டில் அந்தக் கம்பெனியின் பக்கத்தில் அதன் முகவரிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். உங்கள் முகவரி அதில் இருக்க வேண்டும், லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். சில நேரம் தளத்தின் பெயர் ஒன்றாகவும் லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனியின் பெயர் வேறாகவும் இருக்கும். ஒரே கம்பெனி பல பெயர்களில் தளம் நடத்தலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் அங்கேயே பாருங்கள். லைசென்ஸ் எதற்கு? கேசினோவுக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் குதிரைக்குப் பந்தயம் வாங்க முடியாது. புக்கி (விலை சொல்லிப் பந்தயம் வாங்குபவர்) என்றால் நிஜப் போட்டிகளுக்கான பொது பெட்டிங் லைசென்ஸ், டோட் (எல்லோர் காசையும் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பது) என்றால் பூல் பெட்டிங் லைசென்ஸ், எக்ஸ்சேஞ்ச் (ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் கட்டும் தளம்) என்றால் இடைத்தரகர் லைசென்ஸ் என்று தனித்தனி. மூன்றிலும் 'ரிமோட்' என்ற சொல் இருந்தால்தான் ஆன்லைனுக்குச் செல்லும். அந்தக் கம்பெனி மீது கமிஷன் எடுத்த நடவடிக்கைகளும் அதே பக்கத்தில் இருக்கும். படித்துப் பார்ப்பது நல்லது.

லைசென்ஸ் இல்லாத தளத்தில் ஆடினால் உங்களைப் பிடிப்பார்களா என்று கேட்பீர்கள். பிரிட்டனில் குற்றம் நடத்துபவர் மேல்தான், ஆடுபவர் மேல் இல்லை. ஆனால் அங்கே ஜெயித்த காசு வராவிட்டால் கேட்க ஆளும் இல்லை.

கேள்வி: கணக்குத் திறக்கப் போனால் 'உங்களை உறுதிப்படுத்த முடியவில்லை' என்று வருகிறது. எல்லா விவரமும் சரியாகத்தான் கொடுத்தேன். நான் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது.
– வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: நீங்கள் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும், பெயர்தான் இடிக்கும். நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது.

2019 மே 7 முதல், பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் உறுதிப்படுத்தாமல் ஆன்லைனில் யாரையும் பந்தயம் கட்ட விடக்கூடாது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கம்பெனி முதலில் கம்ப்யூட்டரிலேயே தேடிப் பார்க்கும். வாக்காளர் பட்டியல், கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகள் போன்றவற்றில் உங்கள் பெயரும் முகவரியும் ஒன்றாகக் கிடைத்தால் சில நொடியில் முடிந்துவிடும். எட்டு மாதத்துக்கு முன் வந்தவருக்கு அந்தப் பதிவுகளில் தடமே இருக்காது. அதனால் ஆவணம் கேட்பார்கள். அது சந்தேகத்தால் அல்ல.

அடுத்தது பெயர். உங்கள் பெயர் முருகேசன், தகப்பனார் பெயர் கந்தையா என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் கந்தையா குடும்பப் பெயர். வங்கியில் 'கே. முருகேசன்' என்று இனிஷியலோடு இருக்கும். சம்பளச் சீட்டில் இரண்டும் தலைகீழாக இருக்கும். இந்திய பாஸ்போர்ட் என்றால் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருந்து, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் அடைந்து கிடக்கலாம். கம்ப்யூட்டருக்கு இவர்கள் நாலு பேர்.

செய்ய வேண்டியது இது. முதலில் வங்கியில் உள்ள பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றுங்கள். கணக்குத் திறக்கும்போது இனிஷியல் போடாதீர்கள், செல்லப் பெயரும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே அடியுங்கள். ஆவணம் கேட்டால் பாஸ்போர்ட்டின் படப் பக்கம் அல்லது ஓட்டுநர் உரிமத்தையும், முகவரிக்கு மூன்று மாதத்துக்குள் வந்த வங்கி ஸ்டேட்மெண்டையோ கரண்ட் பில்லையோ அனுப்புங்கள். நாலு மூலையும் தெரிய வேண்டும், ஃப்ளாஷ் வெளிச்சம் பெயர் மேல் விழக்கூடாது. இந்த இரண்டினால் திரும்பி வரும் படங்களே அதிகம். பழைய பிஆர்பி அட்டையை, அதாவது பிரிட்டனின் குடியிருப்பு அனுமதி அட்டையை, நீட்டாதீர்கள். பெரும்பாலானவற்றின் காலம் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது.

அண்ணனின் கார்டில் காசு போடுவது, மனைவியின் கணக்குக்குப் பணம் எடுப்பது இரண்டும் வேண்டாம். கார்டு உங்கள் பெயரில் இல்லையென்றால், ஜெயித்த அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

கேள்வி: கிரெடிட் கார்டு ஏற்க மாட்டேன் என்கிறதே?
– வாசகி, க்ராய்டன்

பதில்: எங்கேயும் ஏற்காது. 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டத் தடை. இ-வாலட்டுக்குள் கிரெடிட் கார்டிலிருந்து காசு ஏற்றி அதைக் கொண்டுவருவதும் செல்லாது. டெபிட் கார்டு, நேரடி வங்கிப் பரிமாற்றம் போன்றவைதான் வழி. ஒரு தளம் கிரெடிட் கார்டை வாங்கினால், அதற்கு லைசென்ஸ் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கிரிப்டோவுக்கு போனஸ் தருகிறேன் என்று கூப்பிடும் தளங்களும் அந்த வகைதான்.

கேள்வி: கிண்டி ரேஸுக்கு முப்பது வருடமாகப் போகிறவன். 'குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது' என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்ன பிறகு, வீட்டில் உட்கார்ந்து போனில் கட்டினால் என்ன தப்பு?
– வாசகர், சென்னை

பதில்: நீங்கள் சொல்வது டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கு. 1996 ஜனவரி 12-ல் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் திறமைதான், அதனால் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வராது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை. 1974-ல் தமிழ்நாடு கொண்டுவந்த பந்தய ஒழிப்புச் சட்டம், ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த 1986-ல் போட்ட சட்டம் இரண்டையும் தாண்டி கிண்டியில் குதிரை ஓடியது அந்தத் தீர்ப்பால்தான். ஆனால் அந்த வழக்கில் பேசப்பட்டது கிளப் வளாகத்துக்குள், டோட்டிலும் அங்கே அனுமதி பெற்ற புக்கிகளிடமும் கட்டும் பந்தயம். அதை வைத்து ஆன்லைனுக்கு அனுமதி இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஆன்லைனுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2022-ல் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் கவர்னரின் ஒப்புதல் பெற்றது. 'ஆன்லைன் சூதாட்டம்' என்ற விளக்கத்துக்குள்ளேயே இணையம் வழியாகப் பந்தயம் கட்டுவதும் வந்துவிடுகிறது. ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துபவருக்கு 3 வருடம், 10 லட்சம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு, மற்றபடி சட்டம் செல்லும் என்றது. போதாக்குறைக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டமும் வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடுக்கும் சட்டம் அது. அதற்குப் பணம் கடத்திக் கொடுக்கும் வங்கிகளும் செயலிகளும்கூட மாட்டிக்கொள்ளும்.

ஆகவே சென்னையில் இருந்துகொண்டு போனில் கட்டுவதற்கு நாங்கள் காட்டக்கூடிய வழி ஏதுமில்லை. டெலிகிராமில் பந்தயத் தளத்துக்கு 'ஐடி' தருகிறேன், வாட்ஸாப்பில் பந்தயம் வாங்குகிறேன் என்று வருபவர்கள் வழி காட்டுவார்கள். அங்கே யுபிஐ-யில் நீங்கள் அனுப்பும் காசு யாரோ ஒருவரிடம் வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கு மேல் சைபர் கிரைம் புகார் வந்தால், அதோடு கொடுக்கல் வாங்கல் வைத்த உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். பத்தாயிரம் ரூபாய் பந்தயத்துக்காகச் சம்பளக் கணக்கைத் திறக்க முடியாமல் அலைவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ரேஸ் கோர்ஸுக்கு நேரில் போய்க் கட்டுவதற்கும் இப்போது கணக்கு மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதம். அதுவும் கிளப்பின் கமிஷன் மேல் அல்ல, பந்தயத் தொகையின் முழு மதிப்பின் மேல். ஜெயித்தால் ஒரே டிக்கெட்டில் 10,000 ரூபாயைத் தாண்டும்போது 30 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது செஸ்ஸையும் சேர்த்து 31.2. அன்றைக்கே வேறு ரேஸ்களில் விட்ட காசைக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. தோல்வியைக் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. முப்பது வருடமாக ரேஸ் ஆடுகிறவருக்கு இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரியும்.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் மச்சான் காசு அனுப்புகிறேன், உன் லண்டன் கணக்கில் எனக்காகக் கட்டு என்கிறான். இல்லையென்றால் உன் பாஸ்வேர்டைக் கொடு, விபிஎன் போட்டு நானே கட்டிக்கொள்கிறேன் என்கிறான். செய்யலாமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: வேண்டாம். மச்சானிடம் எங்கள் பெயரைச் சொல்லுங்கள், பழியை நாங்கள் ஏற்கிறோம்.

அடுத்தவருக்காகக் கட்டுவதை லைசென்ஸ் உள்ள கம்பெனிகள் தங்கள் விதிகளில் தடுத்திருக்கும். இந்தியாவிலிருந்து லாகின் வந்தது, விபிஎன் பயன்பட்டது என்று தெரிந்தால் பந்தயத்தை ரத்து செய்து கணக்கை மூடுவார்கள். இதில் ஒரு கொடுமை உண்டு. தோற்கும்வரை யாரும் பார்க்க மாட்டார்கள்; பெரிய தொகை ஜெயித்து எடுக்கப் போகும்போதுதான் தோண்டுவார்கள். அவர் அனுப்பும் காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து உடனே பந்தயக் கம்பெனிக்குப் போனால், இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கம்பெனியும் கேட்கும், வங்கியும் கேட்கும்.

மச்சான் பக்கத்திலும் சட்டம் இடிக்கிறது. இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகளின்படி லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றை வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தடை இருக்கிறது. ரேஸில் வந்த வருமானத்தை வெளியே அனுப்பவும் தடை. 'குடும்பச் செலவு' என்று பொய்க் காரணம் எழுதி அனுப்பினால் பொய்யும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: கிராஞ்சி ரேஸ் கோர்ஸில் பந்தயம் நின்ற பிறகும் ஆன்லைனில் கட்டலாமா? நண்பர்கள் வெளிநாட்டுத் தளம் ஒன்றைச் சொல்கிறார்கள்.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ல் ஓடியது. 1842-ல் ஃபேரர் பார்க்கில் தொடங்கிய கதை அது. தேக்கா பக்கம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சாப்பிடப் போகிறவர்கள் அந்தப் பழைய ஓடுதளத்தின் பெயர் மேல்தான் நடக்கிறார்கள். உள்ளூர்ப் பந்தயம் நின்றாலும் வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு அரசுப் பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸில் கட்டலாம். ஆன்லைனில் சட்டப்படி இருக்கும் ஒரே இடம் அதுதான். கணக்குக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கடனில் ஆட விடமாட்டார்கள். கணக்கில் காசு போடுவதற்கும் செலவழிப்பதற்கும் வரம்பு வைக்கச் சொல்வார்கள்.

நண்பர்கள் சொல்லும் தளத்தைத் தொடாதீர்கள். சிங்கப்பூர் விஷயத்தில் பிரிட்டன் மாதிரி இல்லை, ஆடுபவரும் குற்றவாளி. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாதவரிடம் கட்டினால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நண்பர்களுக்காகக் காசு வசூலித்துக் கொடுத்தால் நீங்கள் ஏஜெண்ட். அதற்கு 2 லட்சம் வெள்ளி, 5 வருடம் வரை போகும். வேலை பெர்மிட்டில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

கேள்வி: 5/1 விலையில் 10 பவுண்டு கட்டினேன். குதிரை ஜெயித்தது. 60 பவுண்டு வர வேண்டும், 45 தான் வந்தது. மீதி 15 எங்கே? இது ஏமாற்று இல்லையா?
– வாசகர், டூட்டிங்

பதில்: ஏமாற்று இல்லை. 5/1 என்றால் போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 பவுண்டு லாபம், உங்கள் கணக்கு அதுவரை சரிதான். உங்கள் பெட் வரலாற்றைத் திறந்து அந்தப் பந்தயத்தைத் தொடுங்கள். 'ரூல் 4' என்றும் பக்கத்தில் 30 பென்ஸ் என்றும் இருக்கும்.

நீங்கள் விலை எடுத்தபோது ஓட இருந்த ஒரு குதிரை, பிறகு விலகியிருக்கிறது. பலமான குதிரை விலகினால் மற்ற எல்லாக் குதிரைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் உங்கள் கையில் இருப்பது அந்தக் குதிரையும் ஓடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த பழைய விலை. அந்த வித்தியாசத்தைத்தான் கழிக்கிறார்கள். 2/1 விலையுள்ள குதிரை என்றால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ளது என்று சந்தை நினைக்கிறது. அது விலகினால் ஒவ்வொரு பவுண்டு லாபத்திலும் 30 பென்ஸ் கழிவு. உங்கள் லாபம் 50 பவுண்டு, கழிவு 15, மீதி 35. அதோடு போட்ட 10 பவுண்டு. ஆக 45.

கழிவு லாபத்தில் மட்டும்தான், போட்ட முதலில் கை வைக்க மாட்டார்கள். விலகிய குதிரையின் விலையைப் பொறுத்து ஏறி இறங்கும். 14/1-க்கு மேல் உள்ள குதிரை விலகினால் கழிவே இல்லை. 10/1 முதல் 14/1 வரை 5 பென்ஸ், 6/1 முதல் 9/1 வரை 10 பென்ஸ், 10/3 முதல் 4/1 வரை 20. சமவிலைக் குதிரை, அதாவது போட்டதற்குச் சரிக்குச் சரி லாபம் தரும் குதிரை விலகினால் 45. 1/9 அல்லது அதற்கும் குறைந்த விலை என்றால் 90 பென்ஸ் போய்விடும்.

விலை எடுக்காமல், ஓட்டம் தொடங்கும்போது உள்ள 'எஸ்பி' விலைக்கு விட்டிருந்தால் பெரும்பாலும் கழிவு வராது. குதிரை விலகிய பிறகு உருவான விலைதானே அது. சில தளங்களில் 'பெஸ்ட் ஆட்ஸ் கேரண்டீட்' என்ற சலுகை இருக்கும். நீங்கள் எடுத்த விலையைவிட எஸ்பி கூடுதலாக வந்தால் கூடுதலைத் தருவார்கள். காலை எத்தனை மணிக்குப் பிறகு, நாளுக்கு எவ்வளவு தொகை வரை என்ற வரிகளைப் படித்துவிட்டு நம்புங்கள்.

கிராண்ட் நேஷனலுக்குப் பல வாரம் முன்பே விலை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அது 'ஆன்ட்டி-போஸ்ட்' பந்தயம். அங்கே ரூல் 4 இல்லை, ஆனால் உங்கள் குதிரையே ஓடாவிட்டால் முழுக் காசும் போச்சு. 2024 முதல் அதிகபட்சம் 34 குதிரைகள்தான் ஓடுகின்றன, முன்பு 40. பட்டியலில் கீழே உள்ள குதிரைக்கு இடமே கிடைக்காமல் போகலாம். 'ஓடாவிட்டால் பணம் வாபஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள்.

கேள்வி: ஈச்-வே கட்டினேன். மூன்றாவதாக வந்தது. மூன்று இடம் என்று போட்டிருந்தும் காசு தரவில்லை.
– வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: எட்டுக் குதிரை ஓட்டமாக இருந்திருக்கும், ஏழுதான் ஓடியிருக்கும். சரிதானா?

ஈச்-வே என்பது இரண்டு பந்தயம். '5 பவுண்டு ஈச்-வே' என்றால் ஜெயிப்பதற்கு 5, இடம் பிடிப்பதற்கு 5, ஆக உங்கள் கையிலிருந்து போவது 10. வழக்கமான விதிப்படி 8 அல்லது அதற்கு மேல் ஓடினால் மூன்று இடம், விலையில் ஐந்தில் ஒரு பங்கு. 5 முதல் 7 வரை என்றால் இரண்டே இடம், நான்கில் ஒரு பங்கு. 4 அல்லது குறைவு என்றால் ஜெயித்தால் மட்டும்தான். ஹேண்டிகேப் ஓட்டங்களில், அதாவது திறமைக்கேற்பக் குதிரை மேல் எடை ஏற்றும் ஓட்டங்களில், 16 அல்லது அதற்கு மேல் ஓடினால் நாலு இடம்.

எண்ணிக்கை நீங்கள் கட்டும்போது இருந்தது அல்ல, உண்மையில் ஓடியது. எட்டு இருக்கும்போது கட்டி, கடைசி நேரத்தில் ஒன்று விலகினால் மூன்றாம் இடம் காணாமல் போகிறது. எட்டே எட்டுக் குதிரை உள்ள ஓட்டத்தில் ஈச்-வே கட்டுபவர் இந்தக் கத்தி மேல்தான் நிற்கிறார். ஒன்பது, பத்து உள்ள ஓட்டத்தைத் தேடுங்கள்.

கணக்கு எப்படி வரும் என்றும் சொல்லிவிடுகிறோம். 10/1 குதிரைக்கு 5 பவுண்டு ஈச்-வே, இரண்டாவதாக வந்தது என்றால், ஜெயிக்கும் பாதி 5 போச்சு. இடத்துக்கான பாதிக்கு 10/1-ன் ஐந்தில் ஒன்று, அதாவது 2/1. லாபம் 10, முதல் 5, கைக்கு வருவது 15. போட்டது 10. லாபம் 5. இதையே 4/1 குதிரைக்குச் செய்து பாருங்கள், வருவது 9, போட்டது 10. இடம் பிடித்தும் நஷ்டம்.

கேள்வி: புக்கி, டோட், எக்ஸ்சேஞ்ச் மூன்றில் எது நல்லது? ஜெயித்தால் வரி உண்டா?
– வாசகி, வெம்ப்ளி

பதில்: புக்கியிடம் நீங்கள் எடுத்த விலை உங்களுடையது. டோட்டில் எல்லோரும் போட்ட காசையும் ஒன்றாகச் சேர்த்து, நடத்துபவர் பங்கைக் கழித்துவிட்டு, ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எவ்வளவு வரும் என்பது ஓட்டம் முடிந்துதான் தெரியும். கூட்டம் விரும்பாத குதிரை வந்தால் டோட்டில் புக்கியைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம், எல்லோரும் கட்டிய குதிரை வந்தால் சப்பென்று இருக்கும். சிறு தொகையில் ஒரு மத்தியானம் முழுக்கப் பொழுது போக வேண்டுமென்றால் டோட்டின் பிளேஸ்பாட் எங்கள் சிபாரிசு. முதல் ஆறு ஓட்டத்திலும் இடம் பிடிக்கும் குதிரை ஒவ்வொன்று சொன்னால் போதும். ஒரு ஓட்டத்துக்கு இரண்டு குதிரை சொன்னால் வரிசைகள் இரட்டிப்பாகும், செலவும் இரட்டிப்பாகும். ஆறிலும் இரண்டிரண்டு சொல்லிவிட்டு 64 வரிசைக்குக் காசு போனதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

எக்ஸ்சேஞ்சில் நீங்கள் கட்டுவது இன்னொரு ஆட்டக்காரரோடு. தளம் லாபத்தில் கமிஷன் எடுக்கும். ஒரு குதிரை தோற்கும் என்றும் அங்கே கட்டலாம், 'லே' என்பார்கள். புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். 6.0 விலையில் (போட்ட முதலையும் சேர்த்து எழுதுவது இது, புக்கியின் 5/1 தான்) 10 பவுண்டு லே செய்தால், குதிரை தோற்றால் உங்களுக்கு 10 பவுண்டு; ஜெயித்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது 50. ஆரம்பத்தில் அந்தப் பட்டனைத் தொட வேண்டாம்.

வரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் ஜெயித்த காசுக்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஆடுபவர் தலையில் விழுந்த பந்தய வரி 2001 அக்டோபரில் போய்விட்டது, இப்போது கம்பெனி கட்டுகிறது.

கேள்வி: 600 பவுண்டு எடுக்கக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. புதிது புதிதாக ஆவணம் கேட்கிறார்கள். கேம்பிளிங் கமிஷனுக்கு எழுதினால் வாங்கித் தருவார்களா?
– வாசகர், இல்ஃபோர்ட்

பதில்: தரமாட்டார்கள். கமிஷன் தனிநபர் தகராறைத் தீர்க்காது, கம்பெனி விதியை மீறியதா என்று பார்ப்பதோடு சரி. நீங்கள் போக வேண்டிய வழி வேறு.

முதலில் கம்பெனிக்கே முறையான புகார் கொடுங்கள். சாட்டில் புலம்புவது புகார் ஆகாது. 'இது புகார்' என்று தலைப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். எடுக்கக் கேட்ட தேதி, தொகை, அவர்கள் எந்தெந்தத் தேதியில் என்னென்ன கேட்டார்கள், நீங்கள் எப்போது அனுப்பினீர்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். முன்பே கேட்டிருக்கக்கூடிய அடையாள ஆவணத்தைப் பணம் எடுக்கும்போது நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று லைசென்ஸ் விதியே சொல்கிறது. அதைக் குறிப்பிடுங்கள். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி கேட்க வேண்டியதை மட்டும் அவர்கள் பிறகும் கேட்கலாம். சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாம் அந்த வகையில் வரும்.

எட்டு வாரம் ஆகியும் தீராவிட்டால், அல்லது அதற்கு முன்பே இறுதிப் பதில் என்று கை விரித்தால், கம்பெனி எந்த நடுவரைச் சேர்ந்தது என்று அதன் விதிகளில் பாருங்கள். குதிரைப் பந்தயத்தில் பெரும்பாலும் ஐபாஸ் என்ற அமைப்புதான். உங்களுக்குச் செலவில்லை. சாட் உரையாடலை அன்றன்றே சேமித்து வையுங்கள், கணக்கை மூடிவிட்டால் அது கண்ணில் படாது. லைசென்ஸ் பார்த்துக் கட்டுங்கள் என்று முதல் கேள்வியிலேயே சொன்னது இந்தக் கதவுக்காகத்தான். லைசென்ஸ் இல்லாத தளத்தின் மேல் ஐபாஸுக்குப் போக முடியாது.

இன்னொரு வரியையும் விதிகளில் தேடுங்கள். கம்பெனி மூழ்கினால் உங்கள் கணக்கில் கிடக்கும் காசுக்கு என்ன பாதுகாப்பு என்று அவர்கள் எழுதியே ஆக வேண்டும். 'பாதுகாப்பு இல்லை' என்று எழுதியிருந்தாலும் அது சட்டப்படி சரிதான். அப்படியானால் ஜெயித்ததை அங்கே சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து தன்னைத் தடுத்துக்கொள்ளும் கேம்ஸ்டாப்பில் கணவர் சென்ற வருடம் தானாகவே பதிந்தார். இப்போது 'கேம்ஸ்டாப் இல்லாத தளம்' என்று ஒன்றில் மறுபடி ஆடுகிறார். லைசென்ஸ் இருக்கிறது என்று சாதிக்கிறார்.
– வாசகி

பதில்: இல்லை அம்மா, இருக்க முடியாது. 2020 மார்ச் 31 முதல் பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள ஒவ்வொரு ஆன்லைன் கம்பெனியும் கேம்ஸ்டாப்பில் சேர்ந்தே ஆக வேண்டும். சேரவில்லை என்று விளம்பரம் செய்வதே, லைசென்ஸ் இல்லை என்று தாமே ஒப்புக்கொள்வதுதான். விலக விரும்பியவர்களைத் தேடிப் பிடிக்கத்தான் அந்த விளம்பரமே.

கேம்ஸ்டாப் காலத்தை 6 மாதம், 1 வருடம், 5 வருடம் என்று எடுக்கலாம். நடுவில் ரத்து செய்ய முடியாது. ஆனால் அது வெளித் தளங்களையோ தெருமுனை பெட்டிங் கடையையோ தடுக்காது. ஆகவே வங்கிச் செயலியில் சூதாட்டத் தடையைப் போடச் சொல்லுங்கள். பல வங்கிகளில், எடுக்க நினைத்தாலும் இரண்டு மூன்று நாள் கழித்தே நீங்கும். அந்த இடைவெளிதான் உதவுகிறது. கார்டைத் தாண்டி கிரிப்டோவில் போகிறாரா என்று பாருங்கள், வங்கித் தடை அதைப் பிடிக்காது. 0808 8020 133 என்ற எண்ணில் தேசிய உதவி லைன் 24 மணி நேரமும் இலவசம். ஆடுபவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம்.

கேள்வி: 10 பவுண்டு ஃப்ரீ பெட் 4/1-ல் ஜெயித்தது. 50 வரவில்லையே?
– வாசகர், ரீடிங்

பதில்: 40 வந்திருக்கும். ஃப்ரீ பெட்டில் லாபம் மட்டும் உங்களுக்கு, போட்ட 10 அவர்களுடையது.